அடியில் சிவப்பாக இருக்கும்

என் மகள் என்னை அறிந்திருந்தது ஒரு காரோடு சேர்த்துத்தான். அவள் பிறப்பதற்கு முன்னரே நான் இலங்கையை விட்டு வெளிக்கிட்டுவிட்டேன். டென்மார்க்கில் இருக்க அனுமதி கிடைத்து, இக்காஸ்டில் ஒரு துணி ஆலையில் வேலையும் கிடைத்த பிறகு, ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். அதன் பொனற்றில், முன்மூடியில், ஒரு கையை ஊன்றி நின்று எடுத்த படமொன்றை மனைவிக்கு அனுப்பினேன். படம் எடுத்த புண்ணியவானுக்குக் காரில்தான் கண். படம் முழுக்கக் கார். என் முகம் சுண்டுவிரல் நகத்தளவு. மனைவி அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி, "இதுதான் அப்பா" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை அதில் எதை அப்பா என்று விளங்கிக்கொண்டது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மனைவியும் பிள்ளையும் கொழும்பில் ஒரு சிறிய அறையில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். நான் டெலிபோன் எடுத்தால் மகள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"அப்பா, கார் சுகமா இருக்கோ?"

"ஓம் பிள்ளை, நல்ல சுகம்."

"சாப்பிட்டதோ?"

"இப்பதான் பெற்றோல் குடிச்சது."

அதற்குப் பிறகுதான் நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள். சில நாட்களில் அதுவும் மறந்துபோகும்.

அவை தமிழாக்களின் குடும்பங்களுக்கு அனுமதி நகராமல் கிடந்த வருடங்கள். எங்கள் விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்று பின்னாளில் தெரியவந்து, அது பெரிய வழக்காகி, ஆட்சியே கவிழ்ந்தது. ஆனால் அந்த நேரம் எங்களுக்கு அந்த இழவொன்றும் தெரியாது. எங்களிடம்தான் ஏதோ பிழை என்று நினைத்தோம். எந்தப் பொருளையும் எங்காவது வைத்துவிட்டுத் தேடும் ஆள் நான். என்னால்தான் பிந்துகிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஹேர்னிங், இக்காஸ்ட், அல்பர்ட்ஸ்லுண்ட் என்று எங்கே போனாலும் வீடு நிறையக் கலியாணம் கட்டிய ஆம்பிளையள், சமைக்கத் தெரியாமல் சமைத்துக்கொண்டு, ரயில் சத்தம் கேட்டாலும் டெலிபோன் என்று எழும்பிக்கொண்டு இருந்தார்கள்.

பிறகு ஒருநாள், நான் நினைத்தே பாராத நேரத்தில், விசா கிடைத்துவிட்டது. மனைவி டெலிபோனில் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்ல வெயில் தொடங்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து இறங்குவார்கள் என்று முடிவாயிற்று. அந்த ஞாயிறுக்கு முன்னால் காரை ஒழுங்காக்கிவிட வேண்டும் என்று அரச வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் சனி பிடித்தது.

பரிசோதகர் காருக்குக் கீழே குழியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். முன்பக்கத்தில் இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடும் ஒரு தடித்த இரும்புச் சட்டத்தைக் காட்டினார். கையிலிருந்த திருப்புளியை அதில் மெல்ல அழுத்தினார். பழுத்த பப்பாசியில் கத்தி போவதுபோல உள்ளே போயிற்று. டென்மார்க்கில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அந்த உப்பு வருடக்கணக்காக அடியிலிருந்து சட்டத்தைத் தின்றிருக்கிறது. மேலே வெள்ளைக் கார் பளபளவென்று நிற்கிறது, அடியில் துருவேறிய கறள். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம், அதற்கு மேல் ஓடக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். மனிதரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தின்மேல்தான் இஞ்சின் குந்தியிருக்கிறது, முன்சில்லுகளின் கைகள் அதில்தான் பூட்டப்பட்டிருக்கின்றன, ஸ்டியரிங்கும் அதோடுதான்.

அன்று பின்னேரம் மகளிடம் உண்மையைச் சொன்னேன்.

"காருக்குச் சுகமில்லை, பிள்ளை. அதின்ரை இடுப்பெலும்பு உக்கிப்போச்சு."

"அப்ப நீங்கள் வரமாட்டீங்களோ?" என்றாள்.

"நான் வருவன், பிள்ளை. வேறை மாமான்ரை காரிலை வருவன்."

"கார் இல்லாட்டி, அது நீங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். பிள்ளை அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. நியாயமான ஒரு சந்தேகத்தைக் கேட்டாள், அவ்வளவுதான்.

என்னோடு வீட்டைப் பங்கிட்டு இருந்தவர் மன்னார்க்காரர், என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் நல்ல கார் ஒன்று இருந்தது. "என்ரை காரைக் கொண்டு போவன்ராப்பா" என்றார். மகள் சொன்னதைச் சொன்னேன். அவர் பகிடிக்காரர், எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். அன்று தாடையைத்தான் சொறிந்தார். "அப்ப மாத்திப்போடுவம்" என்றார் கடைசியில்.

மாற்றுவதற்குச் சட்டம் வேண்டுமே. பழைய கார் உடைக்கும் இடங்களில் தேடினோம். உப்புத் தின்ற ஊரில் எல்லாக் காருக்கும் அதே வியாதி. புதிதாக எடுப்பித்தால் ஞாயிறு தாண்டித்தான் வரும். அப்போதுதான் லண்டனில் இருந்த என் மச்சான், மனைவியின் தம்பி, தனக்குத் தெரிந்த ஒரு பழைய இரும்புக் கடையில் அதே காரின் சட்டம் கறளில்லாமல் கிடக்கிறது என்று டெலிபோனில் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. அதைக் கம்பளியில் சுற்றிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கப்பலேறி எஸ்பியர்க் துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டார். சுங்கத்தில் இது என்ன என்று கேட்டார்களாம். அக்காவுக்குச் சீதனம் என்று சொன்னாராம்.

மனைவியும் மகளும் வருகிற ஞாயிறுக்கு எட்டு நாள் முந்திய சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கினோம். வளவில் ஆள் அரவமில்லை, மரங்களில் புதுத் தளிர், நல்ல வெயில். தேசிக்காய் கிடைக்கவில்லை, சூப்பர்மார்க்கெற்றில் வாங்கிய மஞ்சள் எலுமிச்சை ஒன்றைப் புதுச் சட்டத்தின்மேல் வைத்துக் கும்பிட்டேன். அண்ணை சிலுவை போட்டுக்கொண்டு காருக்குக் கீழே போனார். மச்சான் கணக்கியல் படித்தவர். ஒன்றுக்கும் ஏலாவிட்டாலும் டோர்ச் பிடிப்பார் என்று அவரைப் பக்கத்தில் குந்தவைத்தோம்.

சட்டத்தைக் கழற்றுவதென்றால் முதலில் அது தாங்குகிற இஞ்சினை வேறு எதுவாவது தாங்க வேண்டும். பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். யார் வருகிறார்கள் என்று கேட்டார். என் மகள், இன்னும் நான் பார்க்காத மகள் என்று சொன்னேன். அவர் உள்ளே போனார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். தன் பழைய கொட்டிலிலிருந்து கூரை தாங்கும் ஒரு பெரிய மர வளையைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்தார். காரை முட்டுகளில் உயர்த்தி, முன்சில்லுகளைக் கழற்றி, வளையை இரண்டு பக்க மட்காட்டுகளின் உள்விளிம்பிலும் குறுக்கே படுக்கவைத்து, அதிலிருந்து சங்கிலியால் இஞ்சினைக் கட்டித் தூக்கினோம்.

போல்ட்டுகள் லேசில் அசையவில்லை. அண்ணை தொங்கினார், நான் தொங்கினேன், ஆலையில் கேட்ட டெனிஷ் கெட்டவார்த்தைகள் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். கடைசிப் போல்ட்டும் கழன்று, பழைய சட்டம் ஒரு பக்கம் சரிந்து, புல்லில் விழுந்தது. விழுந்த இடத்தில் பாதி உதிர்ந்துபோயிற்று.

நான் அதை இழுத்து எறிந்துவிட்டு மேலே பார்த்தேன். முட்டுகள் வடிவாக நிற்கின்றன, சங்கிலி இறுக்கமாக இருக்கிறது, பயமொன்றுமில்லை. ஆனால் அந்தக் காட்சியைக் கண்டு எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இஞ்சின் அந்தரத்தில் தொங்குகிறது. அதற்கும் மண்ணுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. எத்தனை தரம் இந்தக் காரில் மழையிலும் பனியிலும் வேலைக்குப் போய்வந்தேன். ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, மகள் வந்தால் எந்த ஆசனத்தில் இருப்பாள் என்று யோசித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அத்தனை நாளும் இவ்வளவு பாரத்தையும் உக்கிய ஒரு இரும்பு, ஒரு சத்தம் போடாமல், தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு அதைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. எறிந்ததைப் போய் எடுத்துக்கொண்டு வந்து, வேலியோரம் ஒழுங்காக வைத்தேன். அண்ணை என்னைப் பார்த்தார். ஆனால் நக்கலடிக்கவில்லை.

பிறகு லண்டன் சட்டத்தைத் தூக்கினோம். உடம்போடு பூட்டும் துளைகள் அப்படியே பொருந்தின. இஞ்சின் குந்தும் இடமும் பொருந்தியது. மச்சான் தன் கையால் செய்ததுபோலச் சிரித்தார். ஸ்டியரிங்கைப் பூட்டுவதற்காக அதன் தண்டைக் கீழே இறக்கினேன். அது போய்க் கெட்டி இரும்பில் முட்டியது.

திரும்ப இறக்கினேன். திரும்பவும் முட்டியது. தண்டு இறங்க வேண்டிய வெட்டு அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. அது மற்றப் பக்கத்தில் இருந்தது.

லண்டன் கார்களுக்கு ஸ்டியரிங் வலது பக்கம். டென்மார்க்கில் இடது பக்கம். அந்தச் சட்டத்தை மச்சான் கடல் கடந்து சுமந்தார். நான் துடைத்தேன், எலுமிச்சை வைத்தேன். அண்ணை தடவித் தடவி நல்ல சாமான் என்றார். மூன்று பேருக்கும் கண்ணிருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து வலது பக்கம் ஸ்டியரிங் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அந்த வெட்டு வலது பக்கம் இருந்தது மிகச் சரியாகவே பட்டிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பாராது. மச்சானைப் பிடித்து ஏசினேன். "படிச்ச படிப்புக்கு இடம் வலம் தெரியாதோ உனக்கு?" என்று கத்தினேன். அவர் டோர்ச்சை அணைக்கவும் மறந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணைதான் காருக்குக் கீழே கிடந்தபடி குரல் கொடுத்தார். "அவனை விடு. ஊரிலை இருந்து வந்த நாங்கள் எல்லாரும் வலப்பக்கத்து ஆக்கள்தானே."

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு டென்மார்க்கில் கடைகள் பூட்டிவிடும். நான் படியில் இருந்து தலையில் கையை வைத்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஒரு கார் வாங்கி அது ஒழுங்காக ஓடிவிட்டால், மற்றவர்களுக்கும் அதே கார்தான் வேண்டும். அதனால் எங்களுடைய அதே கார் எத்தனையோ தமிழ் வீட்டு வாசல்களில் நின்றது. அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு டெலிபோனடிக்குப் போனார். அங்கே கேட்டு, இங்கே கேட்டு, கடைசியில் அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்த ஒருவரைப் பிடித்தார். நாங்கள் அவரை ஒரு கலியாண வீட்டில் கண்டிருக்கிறோம், அவ்வளவுதான் பழக்கம். நாட்டின் மற்றக் கரையில், கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். எங்கேயாவது பழைய சட்டம் கிடக்கிறதா என்று அவரிடம் விசாரிக்கத்தான் எடுத்தோம்.

அண்ணை கதையைச் சொல்லி முடித்து, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"என்ரை காரிலை இருக்கிறது நல்ல சட்டம்," என்றது அந்தக் குரல். "போன கோடைக்குத்தான் கறள் எல்லாம் சுரண்டி, சிவப்புப் பெயின்ற் அடிச்சு வைச்சனான். அதைக் கழட்டித் தாறன்."

"உங்கடை கார் என்னெண்டு ஓடும்?" என்றேன்.

"என்ரை குடும்பத்துக்கு இன்னும் விசா வரேல்லை, தம்பி. மனிசியும் பிள்ளையும் வரேக்கை ஓடத்தான் அதை வைச்சிருக்கிறன். உங்கடை பிள்ளை அடுத்த ஞாயிறு வருதெல்லோ?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ரயில் நேரத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் பக்கத்து ஊரான ஹேர்னிங் ஸ்டேஷனில் அவரை எதிர்கொண்டோம். அப்போது வழியிலுள்ள இரண்டு தீவுகளுக்கும் நடுவில் பாலமில்லை. ரயிலே கப்பலுக்குள் ஏறி இறங்கி வரும். அவர் கதவில் நின்று ஒரு மூட்டையை இறக்கினார். பூப்போட்ட படுக்கை விரிப்பு. அவிழ்த்துப் பார்த்தால், பளிச்சென்ற சிவப்பு. ஒரு பொட்டுக் கறள் இல்லை. தானும் அறைக்கூட்டாளியும் சேர்ந்து கழற்றியதாகவும், இஞ்சினைப் பழைய ரயர்களை அடுக்கி அவற்றின்மேல் இருத்திவிட்டு வந்ததாகவும் சொன்னார். அடுத்த ரயிலுக்கே திரும்ப வேண்டும், திங்கள் விடிய வேலை என்றார். உங்களுக்கு இன்னொன்று தேடித் தருவேன் என்று சொன்னேன். "ஆறுதலாத் தேடுங்கோ, எனக்கென்ன அவசரம்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஒரு மனிதனால் இது எப்படி முடிகிறது என்றுதான் அன்று முழுவதும் யோசித்தேன். இன்றைக்கும் எனக்கு அது பிடிபடவில்லை.

சிவப்புச் சட்டம் அன்று பின்னேரமே ஏறிவிட்டது. இஞ்சினை மெல்ல இறக்கியபோது அது தன் இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டதுபோல அமர்ந்தது. ஸ்டியரிங் தண்டு வெட்டுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மச்சான் லண்டனுக்குத் திரும்பினார்; அவர் கொண்டுவந்த சட்டத்தில் பக்கத்து வீட்டு அம்மா பிறகு பூச்சட்டிகளை அடுக்கினார். வெள்ளிக்கிழமை அதே பரிசோதகர் அடியில் நின்று வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது வடிவாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லி, காரை ஓடவிட்டார்.

விமானம் ஏறுவதற்கு முன் கடைசியாக மகளோடு கதைத்தேன்.

"கார் சுகமாயிட்டுது. புது எலும்பு போட்டாச்சு."

"என்ன நிறம்?"

"அடியிலை சிவப்பா இருக்கும்."

"சரி, அப்பா," என்றாள். பெரிய மனிசி ஒருத்தி கணக்கு முடித்ததுபோல இருந்தது குரல்.

ஞாயிறு கோபன்ஹேகன் விமான நிலையத்தில் மனைவி என்னைக் கண்டதும் அழுதாள். நானும் அழுதேன். படத்தில் எனக்கு மீசையும் தலைநிறைய மயிரும் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை. மகள் தாயின் சேலைத் தலைப்புக்குப் பின்னால் போய் நின்றாள். தூக்கக் குனிந்தேன். பின்வாங்கினாள்.

"கார் எங்கை?" என்று தாயிடம் கேட்டாள்.

கார் தரிப்பிடத்துக்கு நடந்தோம். வெள்ளைக் கார்கள் எங்கே பார்த்தாலும் நின்றன. நான் காட்டப் போனேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மகள் தனியாக முன்னால் போனாள். முதலாவது வெள்ளைக் காரின் முன்னால் முழந்தாளிட்டு, கன்னம் நிலத்தில் படக் குனிந்து, அடியில் பார்த்தாள். எழும்பினாள். அடுத்த வெள்ளைக் காருக்குப் போனாள். புதுச்சட்டையெல்லாம் புழுதி. பெட்டி தள்ளிக்கொண்டு போன டெனிஷ்காரர்கள் நின்று பார்த்தார்கள். அவள் எங்கள் காருக்கு வந்தாள், குனிந்தாள், அப்படியே கிடந்தாள்.

எழும்பி வந்து என் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்கள்தான்," என்றாள். என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை எவ்வளவு சிறியது என்று எந்த டெலிபோனும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

இக்காஸ்டுக்குப் போகும் வழியில்தான் அல்பர்ட்ஸ்லுண்ட். அவரிடம் போகாமல் எப்படிப் போவது. அவர் சோறும் கோழிக்கறியும் ஆக்கி வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகு எல்லோரும் தேநீரோடு வெளியே வந்தோம். அவருடைய வெள்ளைக் கார் முன்சில்லு இல்லாமல் கற்களின்மேல் நின்றது. மகள் என் விரலை விட்டுவிட்டுப் போனாள். அதே மாதிரி முழந்தாளிட்டுக் குனிந்து அடியில் பார்த்தாள். ரயர்களின்மேல் குந்தியிருந்த இஞ்சினைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"சிவப்பைக் காணேல்லை," என்றாள்.

"அது உங்கடை காரிலையெல்லோ இருக்கு," என்றார் அவர்.

அவள் எழும்பாமல், தலையை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"அப்ப உங்கடை பிள்ளைக்கு எப்பிடித் தெரியும், அது நீங்கள் எண்டு?"

அவர் கையிலிருந்த கோப்பையைப் பொனற்றில் வைத்தார். மகளுக்குப் பக்கத்தில் மெல்லக் குந்தி, குனிந்து, அவள் பார்த்த அந்த வெற்றிடத்தைத் தானும் பார்த்தார்.

"அதுதானே, பிள்ளை," என்றார். "அதுதானே."